முறியாத காலுக்குக் கட்டு

அந்தத் தீவின் பெயரைச் சொன்னால் வரைபடத்தில் தேடிக் கண்தான் வலிக்கும். தாராளமயம் வந்த புதிதில், நகரிப் பக்கத்திலிருந்து நான் எலக்ட்ரீஷியனாக அங்கே போனேன். உலகக் கால்பந்துச் சபை கொடுத்த பணத்தில் கட்டிய மைதானத்துக்கு விளக்குப் போடும் வேலை. கம்பங்களுக்குக் குழி வெட்டினார்கள். கம்பம் வரவில்லை, கால்பந்துச் சங்கத் தலைவருக்குப் புதுக் கார் வந்தது. நான் புல்லில் படுத்துக் கடலைக் கேட்டுக்கொண்டிருப்பேன். சம்பளம் வாங்கிக்கொண்டு கனவு காணும் உத்தியோகம் யாருக்குக் கிடைக்கும்?

அந்நாட்டு அணியின் கோல்கீப்பர் என் அறைத்தோழன். ஒரு மாலை பந்தின் பின்னால் ஓடியவன் மூடாத குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டான். சிகிச்சைப் பணம் இதோ வருகிறது என்றார் தலைவர். எங்கே வந்தது? அவன் அக்கா தையல் மெஷினை விற்று டிக்கெட் எடுத்தாள். விடுப்பில் ஊருக்குக் கிளம்பிய நான் அவனையும் கூட்டிவந்தேன்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில், எலும்புக் கட்டுக்குப் பேர்போன புத்தூரில் பச்சிலையும் முட்டையின் வெள்ளைக்கருவும் வைத்து, மூங்கில் தப்பை கொடுத்துக் கட்டினார்கள். எங்கள் மாமரத்தடிக் கட்டிலில் கிடந்தபடி ஆட்டத்தைப் பற்றியே பேசுவான். ஆட முடியாமல் போனால் தான் யார் என்று கேட்பான். வெயிலும் நிழலும் அவன்மேல் மாறி மாறி ஊர்ந்துகொண்டிருக்கும். கடைசிக் கட்டைப் பிரித்தபோது கால் நேராக இருந்தது.

அணியில் தன் இடம் இருக்கிறதா என்று கேட்க எஸ்டிடி பூத்துக்குப் போனான். இருக்கிறது என்றார் தலைவர். திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரி எதற்காவது முன்னால், கட்டுப் போட்ட காலோடு ஒரு போட்டோ மட்டும் வேண்டுமாம். ஆபரேஷன் என்று காட்டிச் சபையிடம் பணம் வாங்கலாம்.

அம்மாவிடம் பழைய வேட்டி கேட்டு, விஷயத்தைச் சொன்னேன்.

"நல்லாக் கீற கால்ல கட்டு கட்டக் கூடாது நைனா. முறிவ நாமளே கூப்ட்டுக் குந்த வச்ச மாரி ஆயிடும். தரமாட்டேன், போ."

ஒருத்தன் வாழ்க்கையே கெடுகிறது, இதில் சாஸ்திரமா என்று கத்தினேன். என்ன சண்டை என்று அவன் கேட்டான். சொன்னேன். காலைத் தடவிப் பார்த்துக்கொண்டான். பிறகு பூத்துக்குப் போய், போட்டோ கிடையாது என்று தலைவரிடம் சொல்லிவிட்டான். தலைவரின் மச்சான் மகன் கோல்கீப்பர் ஆனான்.

ரேணிகுண்டாவில் அவனை ரயிலேற்றப் போனேன். கூட்டத்தின் தலைக்கு மேலாக யாரோ வீசிய பை ஒன்று தண்டவாளப் பக்கம் பறந்தது. இவன் எம்பிப் பாய்ந்து ஒற்றைக் கையில் பிடித்து, முறிந்து கூடிய காலிலேயே வந்து நின்றான். பிளாட்பாரமே சிரித்துக் கைதட்டியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவனுக்கு அதன்பிறகு யாரும் கைதட்டவில்லை.