இனிஷியல் கப்பலேறிய கதை

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் உல்லாசக் கப்பல் மூன்று மணிக்குக் கதவை மூடிவிடும் என்று சீட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மணி பதினொன்றேகால். நானும் மனைவியும் மலேசியாவின் ஜொகூரிலிருந்து சிங்கப்பூர் போகும் பாலத்தில், நகராத பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தோம். ஊரிலிருந்து சிங்கப்பூருக்கே நேராக விமானத்தில் போயிருக்கலாம். ஜொகூரில் அவள் அண்ணன் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகலாம் என்று யோசனை சொன்ன அறிவாளி நான்தான். "பாலத்தத் தாண்டினா சிங்கப்பூரு மச்சான், அரை மணி நேரம்" என்று அவரும் சொல்லிவிட்டார். அன்று பள்ளி விடுமுறை தொடங்குவது அவருக்கு நினைவில்லை.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடிகாரத்தைப் பார்ப்பதும் கம்பியை மாற்றிப் பிடிப்பதுமாக இருந்தேன். மனைவி ஜன்னல் வழியே தண்ணீரைப் பார்த்துவிட்டு, "நம்ம முட்டுக்காடு மாதிரியே கீதுல்ல" என்றாள். குத்திக் காட்டுகிறாள்.

கல்யாணமான புதிதில் கோவளம் கரையில் நின்று, தூரத்தில் போன கப்பலைக் காட்டி, ஒருநாள் அதில் கூட்டிப்போகிறேன் என்று அளந்திருந்தேன். அடுத்த வாரம் கூட்டிப்போனது முட்டுக்காடு படகுத் துறைக்கு. அங்கே படகு இன்ஜின்களைப் பழுது பார்த்துவந்த என் தகப்பனார், எங்கள் வழக்கில் அத்தா, கையிலிருந்த கிரீஸைத் துடைத்தபடி சிரித்தார். "இதான் உன் கப்பலாடா? நீ கவலப்படாதம்மா. இவன் ஏமாத்தினா நான் கூட்டினு போறேன்."

இருபத்தெட்டு வருடமாயிற்று. அத்தா இறந்தே பதினோரு வருடம். நானும் அவர் தொழிலையே பிடித்துக்கொண்டு, இந்த சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். போன ரம்ஜானன்று அவள், "இனிமே கப்பலப் பத்திப் பேச வாணாங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் சீட்டு வாங்கினேன்.

சிங்கப்பூர் பக்கத்துச் சோதனைச் சாவடியை அடையும்போது மணி பன்னிரண்டரை. அவளுடைய விரல் ரேகை உடனே பதிந்தது. என் விரல்கள் ஸ்பானர் பிடித்துத் தேய்ந்தவை. நாலு முறை அழுத்தியும் இயந்திரம் என்னை மனிதனாக மதிக்கவில்லை. பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுவோம் என்று ஓர் அறையில் உட்காரச் சொன்னார்கள். மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கூப்பிட்டார்கள். யாரோ ஒருவருடைய பெயர், சீன உச்சரிப்பில். யாரும் எழவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே பெயர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எவனோ காது கேக்காத ஆளு. அவனால நமக்கு லேட்டாவுது" என்றேன். மூன்றாம் முறை கூப்பிட்டதும் பொறுக்காமல் எழுந்து போய், அந்த ஆள் இல்லை, அடுத்தவரைக் கூப்பிடுங்கள் என்று தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி தலையாட்டிவிட்டு அந்த பாஸ்போர்ட்டைக் கட்டின் அடியில் செருகினார். ஏதோ சாதித்துவிட்டதுபோல் திரும்பி வந்தேன்.

ஒன்றே முக்காலுக்கு நாலாம் முறை கூப்பிட்டார்கள். மனைவி என் கையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"இன்னாங்க, அது மாமா பேரு!"

என் அத்தாவின் பெயர். ஊரில் அது எனக்கு ஓர் எழுத்து, ஒரு புள்ளி. செங்கல்பட்டில் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போட்டுத் தந்தவர், குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அந்த இனிஷியலை விரித்து எழுதிவிட்டார். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? பதினோரு வருடம் கழித்து ஒருவர் அத்தாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், நான் அவரையே செவிடன் என்று திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாகவும் அழுகையாகவும் வந்தது. "எஸ் சார்" என்று எழுந்தேன்.

வெளியே வந்ததும் டாக்ஸி பிடித்துத் துறைமுகத்துக்கு விரட்டச் சொன்னேன். மானம் ஏற்கெனவே கப்பலேறிவிட்டது, ஆட்கள்தான் பாக்கி.

மூன்றுக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது துறைமுகக் கவுண்டரில் நின்றோம். அங்கிருந்த பெண் அத்தாவின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கையைத் தூக்கினேன். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஆளுக்கொரு அட்டை தந்தாள்.

கப்பலுக்குள் கால் வைத்ததும் மனைவி என் அட்டையைப் பிடித்துப் படித்தாள். அத்தாவின் பெயர் பெரிதாக இருந்தது. என் பெயர் கீழே பொடியாக இருந்தது.

"மாமா சொன்ன மாதிரியே கூட்டினு வந்துட்டாரு" என்றாள்.