முப்பத்தொன்பது இடங்களும் அம்மாவின் கடைசிச் சொல்லும்

பிள்ளைகளைக் குறைவாகப் பெற்றுக்கொண்டதால் நாடாளுமன்றத்தில் நம் மாநிலத்தின் பங்கு குறையும் என்றால், குறைவாகப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வீடு வீடாகப் போய்ச் சொன்ன என் அம்மா செய்தது தவறா?

இதை அம்மாவே என்னிடம் கேட்டார். அவர் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இன்னும் என்னிடம் பதில் இல்லை. நினைவு மலருக்கான கட்டுரையை இப்படித் தொடங்கலாமா என்று தயங்கி மூன்று முறை எழுதிக் கிழித்தேன். "அம்மாவோட நல்ல குணத்த எழுது, போதும்" என்றார் அண்ணன். எழுதத்தான் போகிறேன். ஆனால் இந்தக் கேள்வியை விட்டுவிட்டு எழுதினால் அது வேறு யாரோ ஒருவரைப் பற்றியதாகிவிடும் என்று தோன்றுகிறது. நான் நினைப்பது தவறென்றால் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அம்மா ஊத்தங்கரை வட்டத்தின் மானாவாரிக் கிராமம் ஒன்றில், நாட்டின் இரண்டாம் பொதுத்தேர்தல் நடந்த ஆண்டில் பிறந்தார். வீட்டில் சொந்த நிலம் கிடையாது. பிறர் காட்டில் நிலக்கடலை பிடுங்கும் கூலிக் குடும்பம். அம்மாவைப் பெற்றவருக்கு எட்டுப் பிரசவம். உயிரோடு நின்ற பிள்ளைகள் நான்கு. எட்டாவது பிரசவத்தில் தாயும் போய்விட்டார். அப்போது அம்மாவுக்குப் பதினோரு வயது. மாட்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். வண்டியில் உடன் இருந்தவர் அம்மா. இதை அவர் எங்களிடம் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். நர்ஸ் வேலைக்கு ஏன் வந்தீர்கள் என்று கேட்பவர்களிடம், "வெள்ளப் பொடவ புடிச்சிருந்தது" என்று சிரித்து மழுப்பிவிடுவார்.

திருமணத்துக்குப் பின் நான் ஓசூரில் ஒரு மெட்ரிக் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். மகள் பிறந்ததும் விட்டுவிட்டேன். அந்தப் பழக்கத்தில் அம்மாவின் வாழ்க்கையை நம் மாநிலத்தின் மக்களவை எண்ணிக்கையோடு சேர்த்தே இப்போது பார்க்கிறேன். கட்சி பேச நான் வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் பொதுத்தேர்தலின்போது பழைய சென்னை மாகாணம் ஆந்திரம், மலபார் வரை நீண்டிருந்தது. எழுபத்தைந்து பேர் மக்களவைக்குப் போனார்கள். மொழிவழியாகப் பிரிந்த பின், அம்மா பிறந்த ஆண்டில் நம் பங்கு நாற்பத்தொன்று. அம்மா ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது அது முப்பத்தொன்பது ஆனது. நாட்டின் மொத்த மக்கள்தொகையில் நம் பங்கு சற்றுக் குறைந்ததே காரணம். பிறகு எழுபதுகளின் நடுவில், அம்மா செவிலியர் பயிற்சியில் சேர்ந்த சமயத்தில், எண்ணிக்கையை அப்படியே நிறுத்திவைத்தார்கள். குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்யும் மாநிலங்கள் அதனாலேயே இழக்கக் கூடாது என்பது அதற்குச் சொன்ன நியாயம். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அந்தத் தடையை மேலும் நீட்டினார்கள். ஆகவே அம்மா பணியாற்றிய காலம் முழுவதும் அந்த முப்பத்தொன்பது அசையவில்லை. அம்மாவுக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள அவருக்கு நேரமும் இருந்ததில்லை.

அம்மாவுக்குப் பர்கூர் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் வேலை. நெருக்கடி நிலைக் காலத்தில் ஆண்களைப் பிடித்துப் போய் ஆபரேஷன் செய்தார்கள் என்ற பயம் அப்போதும் அடங்கவில்லை. நர்சம்மா தெருமுனையில் தெரிந்தால் ஆண்கள் கொல்லைப்பக்கமாக ஓடுவார்களாம். அம்மா அவர்களைத் துரத்தவில்லை. பெண்களோடு உட்கார்ந்து பேசினார். தமிழ் வீட்டில் "ரெண்டு போதும்" என்பார். தெலுங்கு வீட்டில் "இத்தரு சாலு". கன்னட வீட்டில் "எரடு சாகு". மூன்று மொழியிலும் அவருக்கு நன்றாக வந்த வாக்கியம் அதுதான் என்று அப்பா கேலி செய்வார். மாதத்துக்கு இத்தனை கேஸ், அதாவது கருத்தடை ஆபரேஷனுக்கு இத்தனை பெண்கள், என்று மேலிடத்திலிருந்து இலக்கு வரும். முகாம் நாளில் பெண்களை வேனில் அழைத்துப்போய், திரும்பக் கொண்டுவந்து விட்டு, தையல் பிரிக்கும் வரை தினமும் போய்ப் பார்ப்பார். எங்களுக்குச் சோறு போட்டது அண்டை வீடுகள்தான். அப்பா இளம் வயதிலேயே தவறியபோதும் பதினாறாம் நாள் முடிந்ததும் அம்மா வேலைக்குப் போய்விட்டார். அன்று எனக்குக் கோபம். இன்று, மூன்று வயது மகனை வைத்துக்கொண்டு ஒரு நாள் காய்ச்சலுக்கே கலங்கிப்போகும் நான், அவர் எப்படித் தாங்கினார் என்று யோசிக்கிறேன்.

ஓய்வு பெற்றதும் எங்களோடு ஓசூருக்கு வந்தார். என் மகன் பிறந்தபோது ஆஸ்பத்திரியிலேயே கேட்டார்.

"கையோட ஆபரேசன் பண்ணிக்கிறியா கண்ணு? ஒரே வலியோட போயிடும்."

"பயமா இருக்கும்மா. அப்புறம் பாத்துக்கலாம்."

"ஊரையே கூட்டிட்டுப் போனேன். என் வூட்டுல ஒரு கேஸ் தேறல பாரு" என்று அறையில் இருந்த நர்ஸுகளிடம் சொல்லிச் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள். நான் தள்ளிப்போட்டேன். எதையும் தள்ளிப்போடுவது என் சுபாவம்.

அதன்பின் அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். ஒரு மாலை அவரைப் படுக்கவைத்துவிட்டு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். தொலைக்காட்சியில் தொகுதிகளை மறுபடியும் பங்கிடுவது பற்றி நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"எதுக்கு இப்பிடி அடிச்சிக்கிறாங்க?" என்றார் அம்மா.

வெகு நாள் கழித்துப் பாடம் நடத்தக் கிடைத்த சந்தோஷம் எனக்கு. எழுபத்தைந்து, நாற்பத்தொன்று, முப்பத்தொன்பது என்று மகளின் நோட்டில் எழுதிக் காட்டினேன். நிறுத்திவைத்த காலம் முடிகிறது, இனி தலைக்கணக்குப்படி பிரித்தால் பிள்ளைகள் அதிகம் பெற்ற மாநிலங்களுக்கு இடம் கூடும், மொத்த இடங்களையே கூட்டினாலும் நம் பங்கு சிறுத்துப்போகும் என்று பலரும் அஞ்சுகிறார்கள் என்றேன்.

"நமக்கு ஏன் ஆளு கம்மியாச்சு?"

"எல்லாம் உன் வேலதாம்மா. பர்கூர் பக்கம் நீ கொறச்ச தலைக்கே அரை எம்.பி. போயிருப்பாரு."

அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "நெசமாவா?" என்றார். சட்னி அரைக்க எழுந்துவிட்டேன்.

அந்த வேடிக்கைப் பேச்சைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஒரு வாரம் முயன்றேன். அது நல்ல வேலை அம்மா, நீ சொன்னதால்தான் எத்தனையோ பெண்கள் பிழைத்தார்கள் என்று சொன்னேன். "ஆமா, ஆமா" என்றார். பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. "சர்க்காரு சொல்லித்தான செஞ்சேன்? அப்ப அதே சர்க்காரு கணக்குல அது தப்பா?" எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதைக்கூட வாய்விட்டுச் சொல்லாமல், "அதெல்லாம் ஏம்மா இப்ப" என்றேன்.

டயாலிசிஸ் இல்லாத ஒரு நாளில், வேலை பார்த்த பழைய ஊருக்குக் கூட்டிப்போகச் சொன்னார். என் கணவருக்கு வார விடுமுறை. காரில் போனோம். அன்று ரேஷன் கடையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தார்கள். வரிசையில் இருந்தவர்களில் பாதிப் பேர் அம்மா முகாமுக்கு அழைத்துப்போனவர்கள். முதலில் பார்த்தவர் முனியம்மா.

"யாரு, நம்ம நர்சம்மாவா? ஏ லட்சுமி, ஓடி ஒளிஞ்சிக்க. கேஸ் புடிக்க வந்துட்டாங்க!"

"இனிமே நம்மகிட்ட எதக் கட்டுப்படுத்தப் போறாங்க? மூட்டுவலியத்தான் கட்டுப்படுத்தணும்" என்றார் இன்னொருவர். வரிசையே சிரித்தது.

அம்மா சிரிக்கவில்லை. "ஒன்னு கேக்கணும்டி. நான் உங்களையெல்லாம் கூட்டிட்டுப் போனது தப்பா?"

"யாரு சொன்னா தப்புன்னு?" முனியம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "ரெண்டோட நின்னதாலதான் எம்மவன் போச்சம்பள்ளி கம்பெனிக்கு பேட்ஜ் மாட்டிக்கிட்டுப் போறான். பொண்ணு காலேஜ் முடிச்சா. எங்க அக்காளுக்கு ஆறு. எதுவாச்சும் பள்ளிக்கூடம் தாண்டிச்சா?"

"டில்லியில நம்மாளுங்க கொறஞ்சிடுவாங்களாம். நாம கம்மியா இருக்கறதால."

"முப்பத்தொம்போது பேரு போயே கிருஷ்ணகிரிக்கு ரயிலு வரல. இனிமே வராத ரயிலு இன்னும் கொஞ்சம் லேட்டா வரும். அவ்ளோதான?"

மறுபடியும் சிரிப்பு. லட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் இருபத்திரண்டு வயதில் ஷிப்டுக்குப் போகும்போது நெடுஞ்சாலையில் லாரி மோதி இறந்துவிட்டான். மகள் கர்நாடகத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நர்சம்மா, நீ கூப்ட்ட. நான் வந்தேன்" என்றார் லட்சுமி. குரலில் கோபம் இல்லை. "எம்புள்ள போனப்ப உன்ன ஏதாச்சும் கேட்டனா? கேக்கல இல்ல? நீயும் என்ன எதுவும் கேக்காத."

அதற்குள் அவர் முறை வந்தது. மெஷினில் கட்டை விரலை வைக்கப் போய்விட்டார்.

திரும்பும்போது சூளகிரி தாண்டியதும் அம்மா கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டார். பிறகு, யாரிடமும் சொல்வதுபோல் இல்லாமல், "அவ மூணாவது ஒன்னு வேணும்னுதான் சொன்னா. நாந்தான் வேணாம்னேன். அந்த மாசம் எனக்கு ஒரு கேஸ் கொறஞ்சிருந்தது" என்றார்.

தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் குடிக்கக் கூடாதே என்று அதையும் பாதியில் வாங்கிக்கொண்டேன்.

அதற்குப்பின் அம்மா தேறவில்லை. நெஞ்சில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சேர்த்த நான்காம் நாள் காலை, கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்தார்.

"இன்னொன்னு பெத்துக்க கண்ணு."

"என்னம்மா, நீயா சொல்ற?"

"நாந்தான் சொல்றேன்."

நர்ஸ் ரத்த அழுத்தம் பார்க்க வந்தார். பேச்சு நின்றது. மதியம் நினைவு தப்பியது. அதிலிருந்து மூன்றாம் நாள் அம்மா எங்களை விட்டுப் போனார்.

ஆண் பிள்ளை வேண்டும் என்பதற்காக அம்மா அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். என் இரண்டாவது குழந்தை மகன்தான். மூன்றாவது பெண் பிறந்த வீடுகளில் மாமியார்களோடு சண்டை போட்டவர் அவர். லட்சுமியை நினைத்து, எனக்கும் அப்படி ஆகிவிடக் கூடாதே என்று பயந்தாரா? அல்லது அவரைக்காய் நறுக்கிக்கொண்டே நான் சொன்ன வார்த்தையை மனதில் வைத்து, தான் குறைத்த கணக்கில் ஒன்றையாவது மகளைக் கொண்டு திருப்பி வைக்க நினைத்தாரா? முதலாவது என்றால் அது தாயின் ஆசை. நிறைவேற்றுவது என் கடமை. இரண்டாவது என்றால், நான் பெற்றுக்கொள்ளும் பிள்ளை அம்மா வாழ்ந்தது வீண் என்பதற்குச் சாட்சியாகிவிடும். அந்தப் பழியோடு ஒரு குழந்தை ஏன் பிறக்க வேண்டும்?

ஒரு பிள்ளையால் ஓர் இடமும் கூடிவிடாது என்பது எனக்குத் தெரியும். பர்கூர், ஊத்தங்கரை, ஓசூர் மூன்றும் சேர்ந்த நம் தொகுதியில் வீட்டுக்கொன்று பிறந்தாலும் அவர்கள் தலைக்கணக்கில் ஏறுவதற்குள் பங்கிட்டு முடித்திருப்பார்கள். சொன்ன சொல்லைக் கேட்டு நடந்த பெண்களுக்கு அதைத் திருத்திக்கொள்ள வழியே இல்லை. வகுப்பில் பிள்ளைகள் கேட்டால் அரசியலமைப்புத் திருத்தம், விகிதாச்சாரம் என்று விளக்கியிருப்பேன். அம்மா கேட்டபோதுதான் என்னிடம் ஒன்றும் இல்லை என்று தெரிந்தது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். டயாலிசிஸ் அறையில் அம்மாவை "சீனியர்" என்று அழைத்து, ஊசி குத்தும் முன் அவரிடமே இடம் கேட்ட செவிலியர்களுக்கு, என் பிள்ளைகளைப் பத்து நாள் தம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட எதிர்வீட்டுக் கன்னடக் குடும்பத்துக்கு, பெங்களூரிலிருந்து அன்றாடம் வந்துபோன அண்ணனுக்கு, என் கணவருக்கு, பர்கூர் பக்கத்திலிருந்து டெம்போ பிடித்து வந்த பெண்களுக்கு. அவர்களில் லட்சுமி அம்மாளும் இருந்தார். அம்மாவைக் குளிப்பாட்ட முன்னால் வந்தவர் அவர்தான். "அம்மா உங்ககிட்ட வேற ஏதாவது சொன்னாங்களா?" என்று அவரிடம் கேட்டேன். "அன்னிக்கிக் கேட்டதோட சரி" என்றார். டெம்போவில் ஏறிவிட்டார்.

எனக்கு முப்பத்து நான்கு வயது முடிகிறது. மகப்பேறு மருத்துவர் இரண்டு முறை ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார். இரண்டு முறையும் நான் போகவில்லை. "பண்றதுன்னா பண்ணுங்க, பெத்துக்கறதுன்னா பெத்துக்கங்க, இப்படியே இழுத்தா எப்படி?" என்று கேட்டுவிட்டு, நினைவு நாளுக்கு அடுத்த வாரத்தில் மூன்றாவது தேதி குறித்திருக்கிறார். "நீ என்ன முடிவு பண்ணாலும் சரி" என்கிறார் கணவர். மாமியார் அம்மாவின் சொல்லைத் தட்டாதே என்கிறார். அண்ணன் இரண்டு போதும் என்கிறார். அதுவும் அம்மாவின் சொல்தான்.

இந்த மலரைப் பெறுபவர்களில் அம்மாவோடு பணியாற்றியவர்கள் இருக்கிறீர்கள். அம்மா கையைப் பிடித்து வேனில் ஏற்றிய பெண்கள் இருக்கிறீர்கள். என்னைவிட அம்மாவை அறிந்தவர்கள் நீங்கள். நினைவு நாளன்று வீட்டுக்கு வரும்போது, சாப்பிட்டு முடித்ததும் என்னைத் தனியே கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்தத் தேதிக்கு நான் போகட்டுமா, வேண்டாமா?