கோலம் போட்ட காவல்காரன்

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணம் காலியானபோதுதான் எனக்கு மாம்பலத்தில் ஒரு பங்களா கிடைத்தது. அதுவரை அங்கிருந்த பூங்காவில் ஒரு பெஞ்சியில் படுத்துக்கொண்டிருந்தேன். பதுங்கு குழி வெட்டுவதற்காக அதைப் பிடுங்கிவிட்டார்கள். ஊரைக் காப்பாற்றும் ஏற்பாட்டில் முதலில் வீடிழந்தவன் நான்தான்.

பங்களா ஒரு வக்கீலுடையது. மனைவி மக்களைக் கும்பகோணத்துக்கு ரயிலேற்றிவிட்டு, அவர் மயிலாப்பூரில் நண்பர் வீட்டுக்குப் போய்விட்டார். ரயில்பாதை ஓடும் மாம்பலத்தில் குண்டு விழும், கோயில் இருக்கும் மயிலாப்பூரில் விழாது என்பது அவருடைய சட்ட ஞானம். என்னைக் காவலுக்கு வைத்தார். சம்பளம் கிடையாது, கூரை உண்டு. ஒரே நிபந்தனை: வீட்டில் குடும்பம் இருப்பதாகத் திருடன் நம்பும்படி தினமும் வாசலில் கோலம் இருக்க வேண்டும்.

போட்டேன். எதிர்வீட்டுக் காவல்காரனும் போட்டான். தெரு முழுக்க மீசைக்காரர்கள் குனிந்து புள்ளி வைத்தோம். எந்தெந்த வீடு காலி என்று திருடன் இனி யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை.

மாட்டை ஓட்டிக்கொண்டு வந்த பால்காரம்மா ஒருநாள் நின்றாள்.

"இன்னா நைனா இது? கோயி கெளறி வுட்டா மாதிரி கீது!"

"நீயே போடேன்."

"போடறேன். மாட்டுக்குக் கெணத்துல தண்ணி இஸ்துக் குடு."

மறுநாள் முதல் வாசல் நிறையச் சிக்குக் கோலம். திருடன் ஏமாந்தானோ என்னவோ, வக்கீலின் மைத்துனர் ஏமாந்தார். காலையில் பூங்காவுக்கு உலாவப் போகிறவர் அதைப் பார்த்துவிட்டு, அக்கா இல்லாத வீட்டில் வேறொருத்தி குடிவந்துவிட்டாள் என்று கும்பகோணத்துக்குக் கார்டு எழுதிப் போட்டுவிட்டார்.

ஜப்பான் படைக்குப் பயந்து ஓடிய அம்மாள் மூன்றாம் நாள் விடியற்காலையில் ஜட்காவிலிருந்து குதித்தாள்.

"யாருடா போட்டா இந்தக் கோலத்தை?"

நல்லவேளை, பால்காரம்மா மாவும் கையுமாக அங்கேயே நின்றாள். "நான்தாம்மா. இந்த ஆளு போட்டா கண்ணால பாக்க முடியல."

அம்மாள் அவளைப் பார்த்தாள், மாட்டைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். சந்தேகம் தீர்ந்தது. அடுத்த வண்டியில் திரும்பிவிடுவாள் என்று நம்பினேன்.

"இனிமே நானே போட்டுக்கறேன். குண்டு விழுந்தா விழட்டும், ஆத்தை விட்டு நகர மாட்டேன்" என்றாள். பால்காரம்மாவுக்குக் காலை அரைப்படி வாடிக்கை கிடைத்தது.

நான் பாயைச் சுருட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போனேன். பதுங்கு குழி தயாராக இருந்தது. காலை நீட்டிப் படுக்கலாம், காற்று வராது. வாசல் இல்லாததால் கோலமும் தேவைப்படவில்லை.