இருக்கிற ஆளை விற்கலாமா

சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்ததும் சிங்கப்பூர் தேக்கா கோப்பிக்கடையில் உட்கார்ந்து, தோற்றுக்கொண்டே இருக்கும் ஓர் அமெரிக்கக் கூடைப்பந்துக் குழுவுக்காகத் தொண்டை வறளக் கத்துவது எங்கள் வழக்கம். எங்கள் என்றால் நானும், பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கும் தம்பி ஒருவனும். சொந்தத் தம்பி இல்லை. என்னைவிடப் பத்து வயது இளையவன். அங்கே சனிக்கிழமை இரவு ஆட்டம், இங்கே நமக்கு ஞாயிறு காலை. ஆறு நாள் பஸ் ஓட்டிவிட்டுக் கிடைக்கிற ஒரே ஓய்வையும் இப்படித் தொலைக்கிறேனே என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். அவள் சொல்வதில் தப்பே இல்லை.

அந்த லீக்கில் ஒரு விசித்திரமான ஏற்பாடு உண்டு. அதிகம் தோற்ற குழுக்களுக்குள் குலுக்கல் நடத்துவார்கள். அதில் முதலில் வருகிற குழு, புதிய இளம் ஆட்டக்காரர்களில் தனக்குப் பிடித்தவனை எல்லாருக்கும் முன்னால் எடுத்துக்கொள்ளலாம். பிக் என்று சொல்கிற அந்த வாய்ப்பை முன்கூட்டியே விற்கலாம், வாங்கலாம். எங்கள் சண்டையெல்லாம் இதைப் பற்றித்தான்.

"நல்லா ஆடுறவனக் குடுத்துட்டு ரெண்டு பிக் வாங்கணும்டா. மூணு வருஷம் பொறு, அப்புறம் பாரு" என்பேன் நான்.

"இருக்கிறவன விட்டுட்டு, யாருன்னே தெரியாதவனுக்குக் காத்திருக்கணுமா? போங்கண்ணே லா" என்பான் அவன்.

என் குரல் பெரிது. பெரும்பாலும் நான்தான் ஜெயிப்பேன். குழுதான் ஜெயித்ததில்லை.

ஒரு ஞாயிறு இந்த வாக்குவாதம் சூடாக இருந்தபோது, நடுவில் அவன், "அண்ணே, வீட்டுக்கு நம்பர் வந்திருக்கு" என்றான். அவனும் அவன் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணும் அரசாங்க வீட்டுக்கு விண்ணப்பித்திருந்தார்கள். அதற்கும் குலுக்கல்தான்; இவர்களுக்கு வந்தது வரிசையின் கடைசி நம்பர்களில் ஒன்று. மிஞ்சியிருந்தது சுவா சூ காங்கில் மூன்றாம் மாடி, கார் பார்க்கைப் பார்த்த வீடு. பெண்ணுக்கு வேலையும் அம்மா வீடும் தெம்பனிஸில், தீவின் மறுகோடியில்.

"எடுத்துக்கலாமா, இல்ல விட்டுட்டு தெம்பனிஸுக்குப் போடலாமாண்ணே?"

நான் போனிலிருந்து நிமிரக்கூட இல்லை. "விடுடா. அடுத்த தடவை நல்லதா வரும். அவசரப்பட்டா ஆயுசுக்கும் கார் பார்க்கைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கணும்."

எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுகிறவன் அன்று உடனே ஒப்புக்கொண்டான். "நீங்க சொன்னா சரிதான்" என்றான். ஜெயித்த சந்தோஷத்தில் நான் இன்னொரு கோப்பி சொன்னேன்.

அந்த வீட்டை விட்டார்கள். தெம்பனிஸுக்கு மூன்று முறை போட்டார்கள். ஒரு முறையும் வீடு கிடைக்கிற நம்பர் வரவில்லை. கல்யாணம் தள்ளிக்கொண்டே போனது. இரண்டு வருடம் கழித்து, பஸ் நிலையத்தில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அந்தப் பெண்ணே போன் செய்தாள்.

"அண்ணே, எனக்குச் சுவா சூ காங்கே ஓகேன்னுதான் சொன்னேன். அண்ணன் வேணாங்கிறாருன்னு இவருதான் பிடிவாதம் பிடிச்சாரு. இப்ப என்னால முடியல. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உங்க வீட்டுக்கு நீங்க எவ்வளவு நாள் வெயிட் பண்ணீங்க?"

ஒரு நாள்கூட இல்லை. மார்சிலிங்கில் காட்டிய முதல் வீட்டை, லிஃப்ட் நிற்காத மாடி என்று தெரிந்தும், அங்கேயே நின்று சரி என்றவன் நான். அதை அவளிடம் சொன்னேன். "அப்படியா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். வெட்கத்தோடு மீதிச் சோற்றை மூடி வைத்தேன். அடச்சே, அடுத்தவன் வாழ்க்கை என்றால் வார்த்தை எவ்வளவு சுலபமாக வந்துவிடுகிறது!

அந்த வருடமே இருவரும் பிரிந்தார்கள். அவன் என்னிடம் ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உட்கார்ந்தான், ஆட்டம் பார்த்தான், நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினான். அவன் திட்டியிருந்தால் தேவலை.

போன மாதம் பூசை முடிவில் அவளுடைய திருமண அறிவிப்பை வாசித்தார்கள். மாப்பிள்ளை வேறு ஆள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று ஃபாதர் சொன்னபோது அவன் கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டிருந்தான். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கும் கோப்பிக்கடைக்குப் போனோம். வேறு எங்கே போவது? எங்கள் குழு தன் நல்ல ஆட்டக்காரனைக் கொடுத்துவிட்டு இரண்டு குலுக்கல் வாய்ப்பு வாங்கப் போவதாகச் செய்தி வந்திருந்தது. எனக்கு எல்லாமே அலுத்துப் போயிருந்தது.

"வேணாம்டா" என்றேன். "இருக்கிறவனையே வச்சுக்கட்டும்."

அவன் கோப்பியை ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். முகத்தில் கோபம்கூட இல்லை.

"இப்ப சொல்றீங்களேண்ணே" என்றான்.