பாம்பனில் நான் விழுங்கிய பதில்

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு மதுரையிலிருந்து வேன் கிளம்பியது. என்னோடு மூன்று மாணவர்கள்: எத்தியோப்பியாவின் மார்த்தா, நேபாளத்துப் பிபின், தான்சானியாவின் யூசுப். மூவரும் சினிமா, தொலைக்காட்சிப் பட்டப்படிப்பில் சேர வந்தவர்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளை எங்கள் கல்லூரி நேராக முதலாண்டில் சேர்ப்பதில்லை. ஓராண்டு தயாரிப்பு வகுப்பு உண்டு. அதை நடத்துகிறவன் நான். கேமரா பிடிப்பது, திரைக்கதை எழுதுவது, கொஞ்சம் தமிழ், மெஸ் சாம்பாரைச் சகித்துக்கொள்வது எல்லாம் அதில் அடக்கம். முடிவில் ஆளுக்கு ஓர் ஐந்து நிமிட ஆவணப்படம் தர வேண்டும். அது தேறினால்தான் பட்டப்படிப்பில் இடம். மார்த்தாவின் முதல் படம் தேறவில்லை. இது இரண்டாவது வாய்ப்பு, புதன்கிழமை கடைசி நாள். இதுவும் போனால் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

பாம்பனைத் தேர்ந்தெடுத்தது நான். "அது என் ஊர்ப் பக்கம், அங்கே என் பேச்சை யாரும் தட்ட மாட்டார்கள்" என்று வகுப்பில் பீற்றிக்கொண்டிருந்தேன். என் ஊர் அபிராமம். வயல்காட்டு ஊர். கடலுக்கும் எங்கள் வீட்டுக்கும் கருவாட்டுக் குழம்பைத் தவிர எந்த உறவும் கிடையாது. இதெல்லாம் எத்தியோப்பியப் பெண்ணுக்கு எங்கே தெரியப்போகிறது என்கிற தைரியம்தான்.

ஏழு மணிக்குப் பரமக்குடியில் டீ, ஒன்று பதினைந்து ரூபாய். டிரைவர் முருகேசனுக்கு அதுதான் சொந்த ஊர். பதினெட்டு வருடமாக ராமேஸ்வரத்துக்கு வண்டி ஓட்டுகிறவர். வடநாட்டுக்காரர்களையும் வெள்ளைக்காரர்களையும் ஏற்றி இறக்கியே ஓர் இங்கிலீஷைச் சேர்த்து வைத்திருந்தார். இலக்கணம் இல்லாவிட்டாலும் வேலைக்கு ஆகும். அவர் யூசுப்போடு பேசியதை நான் இரண்டு முறை திருத்தினேன். அவர் டீயை ஊதிக் குடித்தார். வாத்தியார் புத்தி எங்கே போகும்.

ராமநாதபுரத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்குப் பாலம் ஏறினோம். பிபின் வாழ்நாளில் அன்றுதான் கடலைப் பார்த்தான். இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தானே தவிர கேமராவை எடுக்கவே இல்லை. அவனும் யூசுப்பும் படகுத்துறையிலேயே இறங்கிக்கொண்டார்கள். மார்த்தாவுக்கு வேலை செய்யும் ஒரு பெண்ணின் முகம் வேண்டும். மதியம் தாண்டியும் அலைந்தோம். வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்த அம்மா மாட்டேன் என்றார். வலை தைத்துக்கொண்டிருந்த இன்னொருவர் எழுந்தே போய்விட்டார். என் பேச்சு அங்கே செல்லுபடியாகிற லட்சணத்தை மார்த்தா கவனிக்காதவள் போலவே கூட நடந்தாள்.

மூன்றரை மணிக்குக் காளியம்மாளைப் பார்த்தோம். நாற்பத்தைந்து வயது இருக்கும். மணலில் விரித்த வலையில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. குனிந்து அதைக் கையால் புரட்டிவிட்டபடியே, வந்த காக்கையைப் பெயர் வைத்துத் திட்டிக்கொண்டிருந்தார். மார்த்தா என் கையைப் பிடித்து, "இவர்தான் சார், கேளுங்கள்" என்றாள்.

கேட்டேன். தயங்கினார். அப்போதுதான் என் துருப்புச் சீட்டை இறக்கினேன். நானும் இந்த ஜில்லாதான், அபிராமம் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அபிராமமா? அப்ப ஒங்களுக்குத் தெரியாததா சார். மகளுக்குக் கடலாடிப் பக்கம் மாப்ள பேசிக்கிட்டிருக்கோம். வெவசாயக் குடும்பம். பொண்ணோட அம்மா, மண்டபம் டவுனுல ஒரு கடையில வேல பாக்குதுன்னு அவுககிட்ட சொல்லி வச்சிருக்கு. நான் இங்கன கருவாட்டுல கெடக்குறது தெரிஞ்சா வருவாகளா? கைய எடுத்துக்கிறட்டும். மொகம் மட்டும் வேணாம்."

எனக்குத் தெரியாததா? எங்கள் வீட்டில் அண்ணனுக்குப் பெண் பார்த்தபோது, கடற்கரைப் பக்கம் வேண்டாம், மீன் கவிச்சி வீட்டுக்குள் வரும் என்று அம்மா சொன்னார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தவன்தான்.

மார்த்தா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் சாய ஆரம்பித்திருந்தது. இவரும் இல்லையென்றால் அவளுக்குப் படமில்லை, எனக்கு முகமில்லை. "சரி என்கிறார், எடு" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். எவ்வளவு லேசாக வந்தது! தேறிய படங்களைக் கல்லூரி யூடியூபில் போடும் என்பது எனக்குத் தெரியும். கடலாடியிலும் போன் இருக்கிறது என்பதும் தெரியும். ஆனாலும் யார் பார்க்கப்போகிறார்கள் என்று மனசுக்குள் நானே பதில் சொல்லிக்கொண்டேன்.

மார்த்தா ஒரு மணி நேரம் எடுத்தாள். தள்ளி நின்று, நீண்ட லென்ஸில். கையைத்தான் எடுக்கிறாள் என்று நம்பிக் காளியம்மாள் கேமராவை மறந்தே போனார். பக்கத்திலிருந்த பெண்களோடு ஏதோ பேசிச் சிரித்தார். நான் நிழலில் நின்று இளநீர் குடித்தேன், நாற்பது ரூபாய்.

முடித்ததும் மார்த்தா அவர் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து கேமராவின் சின்னத் திரையைத் திருப்பிக் காட்டினாள். எடுத்ததை எடுக்கப்பட்டவரிடம் போட்டுக் காட்ட வேண்டும் என்பது என் வகுப்பின் முதல் பாடம். அவள் அதைச் செய்யாமல் ஒரு நாளும் எழுந்ததில்லை. எனக்குத்தான் அந்த நேரத்தில் அது உறைக்கவில்லை. திரை முழுக்கக் காளியம்மாளின் முகம். நல்ல முகம், சிரித்த முகம். மார்த்தா அந்த ஆண்டில் எடுத்ததிலேயே நல்ல ஷாட் அது.

காளியம்மாள் சத்தம் போடவில்லை. என்னைப் பார்த்தார்.

"சார், அந்தப் புள்ளகிட்ட நீங்க சொல்லலையா?"

என்ன சொல்கிறார் என்று மார்த்தா கேட்டாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அழகாக வந்திருக்கிறது என்கிறார் என்றேன். இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. மார்த்தா என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெஸ்ஸில் சோறு பரிமாறுகிறவர்களிடம் பழகிய தமிழில் தானே கேட்டாள்.

"அக்கா, வேண்டாமா?"

"வேணாம்த்தா."

மார்த்தா கேமராவை மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு ஷாட்டாகத் திறந்து, அவர் கண்ணெதிரே அழித்தாள். ஒரு மணி நேர உழைப்பு, இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. காளியம்மாள் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்தார். நான் மன்னிப்பு என்று ஏதோ ஆரம்பித்தேன். அவர் நெத்திலியை அள்ளிக் கூடையில் போட ஆரம்பித்துவிட்டார்.

ராத்திரி தங்க எடுத்திருந்த அறைக்கு வேனில் திரும்பும் வழியில் மார்த்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மகள், கடலாடி, கடை, எல்லாம். உனக்காகத்தான் செய்தேன் என்றும் சேர்த்துக்கொண்டேன். அவள் திரும்பிப் பார்த்து, "எனக்காக என்று சொல்லாதீர்கள் சார்" என்றாள். அதோடு சரி. அதற்குப் பிறகு முன் சீட்டுக்கு, முருகேசன் பக்கத்துக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. மூன்று மணிக்குள் கிளம்பியாக வேண்டும், மார்த்தாவிடம் ஒரு ஷாட்கூட இல்லை. காளியம்மாளிடம் மறுபடி கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னாள். வேன் கடற்கரையில் நின்றதும், மொழிபெயர்க்க நானும் இறங்கினேன். அவள் என்னைக் கடந்து போய், "முருகேசன் அண்ணா, நீங்கள் வருகிறீர்களா?" என்று கேட்டாள். அவர் சங்கடத்தோடு என்னைப் பார்த்தார். போங்க என்று தலையாட்டினேன்.

அவர்கள் இருவரும் காளியம்மாளோடு வேனிலிருந்து பத்தடி தூரத்தில் நின்று பேசினார்கள். எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. கை மட்டும் போதும், முதலிலேயே காட்டிவிட்டு எடுக்கிறேன், வேண்டாமென்றால் போய்விடுகிறேன் என்று மார்த்தா சொன்னதை முருகேசன் தமிழில் சொன்னார். காளியம்மாள் கையிலிருந்த உப்பைத் தட்டிவிட்டு யோசித்தார்.

"இந்தப் புள்ள எடுக்கட்டும். அந்த அபிராமத்து வாத்தியாரு மட்டும் இங்கன நிக்கக் கூடாது. நம்மாளுன்னு நெனச்சுல்ல சொன்னேன்."

முருகேசன் ஒரு நொடி என் பக்கம் பார்த்தார். பிறகு மார்த்தாவிடம் திரும்பி, அந்த இலக்கணமில்லாத இங்கிலீஷில், 'நம்மாளு' உட்பட எல்லாவற்றையும் சொன்னார். ஒரு சொல்லைக்கூட விடவில்லை.

நான் வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.