வால் முளைத்த புள்ளி

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஒரு புள்ளிக்கு வால் முளைத்தது. அதைப் பார்த்து நான் பயந்த பயம் இருக்கிறதே... பாத்ரூமில் பாம்பைப் பார்த்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் பைத்தியம் தெரியும். வார நாட்களில் ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் பெயின்ட் ஷாப்பில் குவாலிட்டி பார்க்கிறேன். ஞாயிறு வந்தால் பிளாஸ்டிக் விமானங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறேன். வாரம் முழுக்கப் பார்த்த பெயின்ட் போதாதா என்று என் மனைவி சித்ரா கேட்பாள். போதாது, என்ன செய்ய?

அன்றைக்கு மேஜையில் இருந்த விமானம் என்னுடையது இல்லை. நாகராஜுடையது. அத்திப்பள்ளியிலிருந்து தினமும் கர்நாடக பார்டர் தாண்டி எங்கள் டூல் ரூமுக்கு வேலைக்கு வருகிறவர். இரண்டாம் உலகப் போர் கால விமானம். கையில் ஏந்தினால் இரண்டு உள்ளங்கைக்கு அடங்கிவிடும். ஒரு வருடத்து ஞாயிறுகளை அதில் கொட்டி, ஒவ்வொரு துண்டாகத் தேய்த்து ஒட்டியிருந்தார். மிச்சம் ஒரே வேலைதான். பக்கவாட்டில் புள்ளி போட வேண்டும்.

புள்ளி என்றதும் கோலத்தை நினைக்காதீர்கள். சாம்பல் நிற உடம்பின் மேல் பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக, ஓரம் மங்கி, ஒன்று பெரிதாக, ஒன்று சின்னதாக, சில ஒட்டிக்கொண்டு, சில தள்ளி நின்று... எதிரியின் கண்ணுக்குத் தப்ப அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடு. இந்தச் சின்ன மாடலில் அதைக் கொண்டுவர ஏர்பிரஷ் வேண்டும். பேனாவைப் போலப் பிடிக்கிற குட்டி ஸ்பிரே கன். விரலால் அழுத்தினால் காற்று வரும். கொஞ்சம் பின்னால் இழுத்தால் பெயின்ட் வரும். எவ்வளவு இழுக்க வேண்டும்? மயிரிழை. கூடிப்போனால் ஒழுகிவிடும்.

நாகராஜிடம் ஏர்பிரஷ் கிடையாது. "உங்க கைக்கு வராததா சார்?" என்று சொல்லி வைத்துவிட்டுப் போனார். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

முதல் சில புள்ளிகள் ஒழுங்காக விழுந்தன. அடுத்தது வைத்த இடத்தில் நிற்காமல் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனது. தலைப்பிரட்டை மாதிரி ஒரு வால்!

தின்னர் அதிகமாகிவிட்டதோ? கொஞ்சம் கெட்டியாகக் கலந்து, பழைய தகட்டில் அடித்துப் பார்த்தேன். வால். ஊசி முனையில் பிசிறோ? புது ஊசி மாட்டினேன். வால். காற்று கொடுக்கிற கம்ப்ரஸர் அதிர்கிறதோ? டேங்கில் காற்றை நிரப்பி, கம்ப்ரஸரை அணைத்துவிட்டு அடித்தேன். அப்போதும் வால். எங்கள் வீடு ஹைவேக்குப் பக்கம். பெங்களூர் போகிற டிரெய்லர்கள் மேஜையை ஆட்டுகின்றனவோ என்று ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்துப் பார்த்தேன். தண்ணீர் ஆடவில்லை. என் கைதான் ஆடிக்கொண்டிருந்தது.

என் அப்பாவுக்கும் கை நடுங்கியது. ஊத்தங்கரையில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். முதலில் சட்டைப் பொத்தான் போடத் தடுமாறினார். பிறகு காபி டம்ளர். பிறகு சோறு. முத்து முத்தாகக் கரும்பலகையில் எழுதிய மனிதர் கடைசியில் பேங்கில் கைநாட்டு வைத்தார். அவருக்கு அது ஆரம்பித்தபோது என்ன வயதோ, அதே வயதில்தான் நான் இப்போது இருக்கிறேன்.

பயமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அப்படி ஒரு பயம். வேலை போய்விடுமா? நாளைக்கு எனக்கு யார் ஷேவ் செய்துவிடுவார்கள்? பெண்ணின் கல்யாணத்தில் தாரை வார்க்கும்போது கை ஆடினால் சபையில் எல்லோரும் பார்ப்பார்களே? பெண் இப்போதுதான் காலேஜில் சேர்ந்திருக்கிறாள். பயம் அதற்குள் மண்டபம்வரை போய்விட்டது.

கை லேசாக ஆடுகிற மாதிரி இருக்கிறது என்று மட்டும் சித்ராவிடம் சொன்னேன். மறுநாளே ஆஸ்பத்திரியில் டோக்கன் போட்டுவிட்டாள்.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். நடுக்கம் என்று போனால் டாக்டர் என்ன பார்ப்பார் என்று மொபைலில் தேடினேன். சுருள் வரையச் சொல்வாராம். உடனே வீட்டில் உட்கார்ந்து சுருள் வரைந்து பழக ஆரம்பித்தேன்!

சிரிக்காதீர்கள். தொழிற்சாலையில் வேலை செய்பவர்களுக்குப் புரியும். ஆடிட் வருகிறது என்றால் நாங்கள் என்ன செய்வோம்? தரையில் மஞ்சள் கோட்டைப் புதிதாக அடிப்போம். ரிஜெக்ட் ஆனதையெல்லாம் கண்ணில் படாத மூலைக்குத் தள்ளுவோம். ஆடிட்டர் என்ன கேள்வி கேட்பார், யார் பதில் சொல்வது என்று ஒத்திகை பார்ப்போம். சோதனை என்று ஒன்று வந்தால் பாஸ் ஆக வேண்டும். இது ரத்தத்தில் ஊறிவிட்டது.

டாக்டர் சின்ன வயசுக்காரர், தன்மையாகப் பேசினார். காகிதத்தைத் தள்ளி, "கொசுவத்திச் சுருள் இருக்குதில்லங்க, அது மாதிரி உள்ள இருந்து வெளிய சுத்திக்கிட்டே வாங்க" என்றார். நான் முழங்கையை மேஜையில் அழுத்தி ஊன்றினேன். இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கினேன். மூச்சை அடக்கினேன். நுணுக்கமான ஏர்பிரஷ் வேலைக்கு நாங்கள் செய்கிற வித்தைதான். சுருள் அச்சில் வார்த்த மாதிரி வந்தது. கையை நீட்டச் சொன்னபோதும் முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டேன்.

"இப்போதைக்கு ஒண்ணும் தெரியலைங்க. டென்ஷனா இருக்கலாம். காபியக் குறைங்க. நடுக்கம் திரும்ப வந்தா வாங்க" என்றார். அவர் மேல் என்ன தப்பு? நான் காட்டியதைத்தானே அவர் பார்க்க முடியும்.

சித்ரா நேராக மலைக்கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தாள். நானும் கும்பிட்டேன். பாஸ் ஆன சந்தோஷத்தில் வழியில் ஸ்வீட்கூட வாங்கினோம்.

போன ஞாயிறு மறுபடி ஏர்பிரஷை எடுத்தேன். விமானத்தின் பக்கவாட்டில் அடிக்கும்போது இன்னொரு கையால் முட்டுக் கொடுக்க முடியாது. அந்தக் கை விமானத்தைப் பிடித்திருக்கும். மூச்சை எவ்வளவு நேரம் அடக்குவது? வால், வால், இன்னொரு வால். அதற்கு முன் இருந்த பயம் ஒன்றுமே இல்லை என்று அப்போது தெரிந்தது. முன்பு, டாக்டரிடம் போனால் தெரிந்துவிடும் என்றாவது ஒரு வழி இருந்தது. அந்த வழியை நானே அடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து நாகராஜ் வந்தார். விமானத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அடுத்தவர் ஒரு வருட உழைப்பைக் கெடுத்துவிட்டோமே என்று நான் தவித்துக்கொண்டிருக்க, அவர் முகம் மலர்ந்தது.

"தும்ப சென்னாகிதெ சார்! ரொம்ப நல்லா இருக்கு! எப்பவும் உங்க புள்ளிங்க இட்லித் தட்டுல ஊத்துன மாதிரி ஒரே சைஸா வரிசையா இருக்கும். பெயின்ட் ஷாப் புத்தின்னு நினைச்சுக்குவேன். இது நிஜ பிளேன் மாதிரியே இருக்கு. எப்படி சார் பண்ணீங்க?"

இத்தனை வருடத்தில் என் புள்ளியை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

"நான் ஒண்ணும் பண்ணல நாகராஜ். கை நடுங்குது."

காபி கொண்டுவந்த சித்ரா அப்படியே நின்றாள். "டாக்டர் ஒண்ணும் இல்லன்னாருங்களே?"

மறைக்கத் தெம்பு இல்லை. மொபைலில் தேடியது, பழகியது, முழங்கை, மூச்சு, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தட்டை மேஜையில் வைத்தாள்.

"நீங்க ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா, ஆடிட்டுக்குப் போனீங்களா?"

நாகராஜ் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அவளே தொடர்ந்தாள். "மாமாவுக்கு மூணு வேளையும் சோறு ஊட்டுனவ நானுங்க. எனக்குப் பயம் இருக்காதா? என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு ரெண்டு பேரும் சேந்து பயப்படலாம். நீங்க மட்டும் ஒளிச்சு வெச்சுக்கிட்டு எதுக்குப் பயப்படறீங்க?"

நாகராஜ் விமானத்தை மெதுவாகக் கீழே வைத்தார். "பிளேன் எங்கயும் பறந்து போகாது சார். ஃபர்ஸ்ட் டாக்டரப் பாருங்க. நான் கார் எடுத்துட்டு வரேன்."

வருகிற வெள்ளிக்கிழமை அதே டாக்டரிடம் போகிறோம். முழங்கையை ஊன்றக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது என்று கண்டிஷன். சித்ரா பக்கத்திலேயே நின்று பார்ப்பாளாம். முடிவு என்ன வருமோ தெரியாது. அந்தப் பயம் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது...

இத்தனை வருடம் எல்லாச் சோதனையிலும் பாஸ் ஆகியே பழகியவன் — வெள்ளிக்கிழமை ஒரு நாளாவது ஒழுங்காக ஃபெயில் ஆவேனா?