குளக்கரைக்கு ஒரு பொன்னாடை

திண்டுக்கல் மேட்டுக்குளத்தின் கரை சரியத் தொடங்கியபோது செபாஸ்தியம்மாள் கவலைப்பட்டது குளத்துக்காக அல்ல, பக்கத்து வீட்டுக் கண்ணுசாமிக்காக. கரைமேல் போகும் மண்பாதை ஒன்றுதான் அவர்கள் தெருவுக்கு ஆட்டோ வரும் வழி. சிறுநீரகம் கெட்டுப்போன கண்ணுசாமிக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். தவறினால் கால் வீங்கும், மூச்சு முட்டும். தொடர்ந்து தவறினால் ஆள் இருக்கமாட்டார். ஆயுள் முழுக்க நோயாளிகளைப் புரட்டிக் கழுவிவிட்டே பிழைத்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பொதுப்பணித்துறை அலுவலகத்தில் மனு கொடுத்தாள். மறுபடியும் கொடுத்தாள்.

"நிதி வரணும்மா. மழை முடியட்டும்" என்றார் பொறியாளர்.

"மழையத் தாங்கத்தான்யா கரை. முடிஞ்சப்புறம் எதுக்கு?"

அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

தெருக்காரர்கள் தாங்களே அடைப்பதென்று கூடினார்கள். முளைப்பாரிக்கும் சாமி சிலைக்கும் அந்தக் குளத்து மண்தான் எடுப்பது வழக்கம். கரைக்கும் அதுதான் ஒட்டும் என்று முடிவானது. செபாஸ்தியம்மாள் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் தெரு இளவட்டம் சடையாண்டியும் கூட்டாளிகளும் கரையின் அடியையே தோண்டி, அந்த மண்ணை மேலே கொட்டி, சூடமும் கொளுத்தியிருந்தார்கள்.

"ஏலே, கரையோட காலத் தோண்டித் தலையில வச்சிருக்கீக. புத்தி இருக்கா?"

"சாமி மண்ணு சித்தி. அம்புட்டுச் சீக்கிரம் போகாது."

அடுத்த மழையில் சாமி மண்ணும் போனது, பாதையில் பாதியும் போனது. ஆட்டோ பெரிய ரோட்டோடு நின்றுவிட்டது.

டயாலிசிஸ் நாள் காலையில் கண்ணுசாமியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து, சேற்றில் வழுக்கி வழுக்கி ரோட்டுக்குத் தூக்கிவந்தார்கள். சடையாண்டிக்கு அங்கே ஒரு யோசனை.

"மாமாவ இப்படியே நடுரோட்டுல உக்கார வைப்போம். டிவிக்காரன் வருவான். கலெக்டரே ஓடியாருவாரு."

"அவரு மனுசனா, பேனரா? ஆட்டோவுல ஏத்துடா!"

"செத்த நேரம் உக்காந்தா டிவியில வருவேன்ல மதினி" என்றார் கண்ணுசாமி.

"மொதல்ல உசுரோட வாங்க."

ஆட்டோ கிளம்பியதும் நாற்காலியை நடுரோட்டில் போட்டு அவளே உட்கார்ந்தாள். தெருப் பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். வத்தலக்குண்டு பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்தது. பொறியாளர் ஜீப்பில் வந்து, அடுத்த மாதம் நிச்சயம் என்றார்.

"கரைக்குக் கல்லு வரட்டும். எந்திரிக்கிறேன்."

"தூக்கிருவோம்" என்றார் போலீஸ்காரம்மா.

"எத்தனையோ பேரத் தூக்கினவ நான். தூக்க விடாம கெடக்குறது எப்படின்னும் தெரியும். தொட்டுப் பாரு."

யாரும் தொடவில்லை. பொறியாளர் தள்ளிப்போய் நின்று யார் யாருக்கோ போன் செய்தார். இத்தனை மாதம் வராத நிதி மத்தியானத்துக்குள் வந்துவிட்டது. கருங்கல் லாரியைக் கண்டதும் சடையாண்டி கடைக்கு ஓடி ஒரு பொன்னாடை வாங்கிவந்தான். பொறியாளரும் கூச்சமில்லாமல் தோளைத் தாழ்த்தினார்.

அந்நேரம் ஆட்டோ திரும்பிவந்தது. உள்ளே கண்ணுசாமி வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தார். டயாலிசிஸ் முடிந்தால் அவருக்குக் குளிர் தாங்காது. செபாஸ்தியம்மாள் எழுந்துபோய்ப் பொன்னாடையைப் பிடுங்கினாள்.

"இவருக்கு எதுக்குடா? மழை கரைய முழுங்க விட்டதுக்கா?"

அதைக் கண்ணுசாமியின் கழுத்துவரை இழுத்துச் சுற்றினாள்.

"கல்ல அடியிலருந்து அடுக்கச் சொல்லு. எவனாவது மண்ணெடுத்தான்னா கைய ஒடிப்பேன். இப்ப இவரத் தூக்கு, பதமா."